ராக்கெட்டுக்கு இயந்திரம்... ராக்கெட் வெடிக்கு வெறுங்கை!

காலை ஆறு மணிக்கெல்லாம் சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை பக்கத்துக் கிராமங்களில் பட்டாசு ஆலை வேன்களின் ஹாரன் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். குழாய் உருட்டுபவர்கள், திரி வைப்பவர்கள், பெட்டியில் அடுக்குபவர்கள் என்று ஆளுக்கொரு வேலை. இவர்கள் ஆலைக்குள் போய்ச் சேருவதற்கு முன்பே ஒன்றிரண்டு பேர் அங்கே வேலையில் இருப்பார்கள். ஆலையின் மற்ற அறைகளிலிருந்து தள்ளி, தனியாக நிற்கும் ஒரு சின்ன அறையில் அவர்களுக்கு வேலை. அவர்கள்தான் மருந்து கலக்குபவர்கள்.

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும், நைலான் கூடாது. இரும்புச் சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் எல்லாவற்றையும் அளந்து போட்டு, சல்லடையில் இட்டு, கையால் பரவலாகத் தள்ளித் தள்ளிக் கலக்குவார்கள். கால் மணி நேரத்தில் தூள் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிமிடத்திலிருந்து அது வெறும் தூள் இல்லை, வெடிமருந்து.

விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. இந்தியா வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. இத்தனை பெரிய தொழிலில், மிக ஆபத்தான அந்தக் கால் மணி நேரம் மட்டும் பெரும்பாலான இடங்களில் இன்னமும் மனிதனின் பத்து விரல்களை நம்பித்தான் நடக்கிறது.

தொடாமல் கலக்கும் கை

2025 பிப்ரவரி 13 அன்று பெங்களூரில் ஒரு இயந்திரம் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமும் ஸ்ரீஹரிகோட்டாவின் சதீஷ் தவான் விண்வெளி மையமும் சேர்ந்து உருவாக்கியது. எடை சுமார் 150 டன், உயரம் 8.7 மீட்டர். ஏறக்குறைய மூன்று மாடி வீட்டு உயரம். செய்யும் வேலை என்னவோ ஒன்றுதான்... மருந்து கலப்பது! ராக்கெட்டுக்கான திட எரிபொருளை ஒரே தடவையில் 10 டன் கலக்கும். உலகிலேயே மிகப் பெரிய திட எரிபொருள் கலப்பான் இதுதான் என்று அறிவித்தார்கள்.

நம் வீட்டு வெட் கிரைண்டரைத் தலைகீழாகக் கற்பனை செய்துகொண்டால் கிட்டத்தட்ட இதன் உருவம் வந்துவிடும். கீழே பெரிய அண்டா. மேலிருந்து இறங்கும் துடுப்புகள் தாமும் சுழன்றபடி அண்டாவுக்குள்ளும் சுற்றி வரும், சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல. துடுப்புகளைச் சுழற்றுவது எண்ணெய் அழுத்தம். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். அதை இயக்கும் பொறியாளர் பக்கத்தில்கூட இருக்க மாட்டார். தொலைவில் வேறொரு கட்டடத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். கலவை ஓடும் நேரத்தில் அதன் அருகே ஆளே இருக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் அந்த அண்டாவுக்குள் போகும் முக்கியப் பொருள்களில் ஒன்று, சிவகாசிக்காரர்களுக்குப் பிறந்தது முதல் பழக்கமானது. அலுமினியத் தூள்தான் அது. சந்திரயான்-3-ஐச் சுமந்துகொண்டு 2023 ஜூலை 14 அன்று எல்.வி.எம்.3 ராக்கெட் கிளம்பியபோது, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெளிச்சத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருந்த இரண்டு எஸ்200 பூஸ்டர்களில், ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் இருந்த திட எரிபொருளில், அலுமினியம் எரிந்த வெளிச்சம் அது. தீபாவளியன்று வாசலில் சீறும் புஸ்வாணத்தின் வெள்ளிப் பூவும் அதே உலோகம்தான். ராக்கெட்டில் பிராணவாயுவைத் தருவது அம்மோனியம் பெர்குளோரேட், பட்டாசில் வெடியுப்பு. தத்துவம் ஒன்றே.

சிவகாசிக்கும் இந்தத் தூளுக்கும் உள்ள உறவு அந்த ஊர்ப் பொறியியல் கல்லூரியின் பெயரிலேயே இருக்கிறது. 1984-ல் தொடங்கப்பட்ட மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியின் 'மெப்கோ', திருமங்கலத்தில் உலோகத் தூள் தயாரிக்கும் நிறுவனத்தின் சுருக்கப் பெயர். 'ஷ்லெங்க்' அதற்குத் தொழில்நுட்பத் துணையாக நின்ற ஜெர்மானிய நிறுவனம்.

அல்வா பதமும் உலர்ந்த தூளும்

அப்படியானால் இஸ்ரோவின் இயந்திரத்தைச் சின்னதாகச் செய்து சிவகாசியில் வைத்துவிட்டால் போதாதா? அவ்வளவு எளிதில்லை. காரணம் வேதியியலில் இருக்கிறது.

ராக்கெட் எரிபொருளில் எச்.டி.பி.பி. என்ற ரப்பர் வகைத் திரவம் சேர்க்கப்படுகிறது. பெர்குளோரேட்டும் அலுமினியமும் அதில் குழைந்து, அல்வா கிண்டும்போது வருமே ஒரு பதம், அந்த நிலையில் இருக்கும். துகளோடு துகள் நேரடியாக உரசுவது குறைவு. பிறகு அச்சில் ஊற்றி, அடுப்பில் வைத்துப் பல நாள் பதப்படுத்தினால் பென்சில் அழிக்கும் ரப்பர்போல ஆகிவிடும். பட்டாசு மருந்தோ பெரும்பாலும் உலர்ந்த தூள். மாவு சலிக்கும்போது பறக்கிற மாதிரி பறக்கும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் போதும். உராய்வு, நிலைமின்சாரப் பொறி, கை தவறி விழும் ஒரு பாத்திரம்... எதுவும் தீயாகலாம்.

ஈரம் வந்தால் வேறு வகை ஆபத்து. அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் தண்ணீர் பட்டால் உள்ளுக்குள் மெல்ல மெல்லச் சூடு கிளம்பும். நேற்று மீந்த மருந்து இன்று காலை யாரும் தொடாமலேயே பற்றிக்கொள்வது இப்படித்தான். சூட்டைத் தணிக்கக் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது இந்தத் தொழிலில் தெரிந்த வித்தை. அன்றன்றைக்கு மீந்த மருந்தை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான். தீபாவளி நெருக்கத்தில், ஆர்டர் குவிந்து கிடக்கும்போது, அந்த விதி எத்தனை இடத்தில் நினைவில் இருக்கும் என்பது வேறு கேள்வி.

ராக்கெட் தொழிலும் இந்தப் பாடத்தைச் சும்மா படித்துவிடவில்லை. 2003 ஆகஸ்ட் 22 அன்று பிரேசிலின் அல்கான்டாரா ஏவுதளத்தில், ஏவுவதற்குச் சில நாள் இருக்கும்போது திட எரிபொருள் ராக்கெட் தீப்பற்றி 21 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு மாதம் கழித்து, 2004 பிப்ரவரி 23 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் ஆலையிலேயே விபத்து நடந்து ஆறு பேர் பலியானார்கள். படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள், விதிப்படி வேலை செய்தவர்கள். மருந்துக்கு அதெல்லாம் தெரியாது. அதனால்தான் விண்வெளித் துறை 'கவனமாக இருங்கள்' என்பதோடு நிற்காமல் 'பக்கத்திலேயே இருக்காதீர்கள்' என்கிற இடத்துக்குப் போனது.

சிவகாசி வட்டாரம் இன்னும் முதல் அறிவுரையிலேயே நிற்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நாற்பதுக்கு நெருக்கமான உயிர்கள் போயின. அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி என ஒரே நாளில் இரண்டு ஊர்கள். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னகாமன்பட்டி. இவை தலைப்புச் செய்தியானவை மட்டும். ஒருவர், இருவர் என்று உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்தவை தனி. 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வே காரணம்' என்ற வாக்கியம் மட்டும் பெரும்பாலும் மாறாது.

மெஷின் ஏன் வரவில்லை?

முதலாளிகள் எல்லோருக்கும் உயிர் துச்சம் என்று சொல்லிவிட்டால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். உண்மை அதைவிடச் சிக்கலானது.

மருந்து புழங்கும் அறைகளில் பொதுவாக மின் இணைப்பே இருக்காது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. மோட்டார் என்றால் ஒயர், சுவிட்ச், பொறி. அதை உள்ளே கொண்டுவருவதே ஆபத்து. சரி, மோட்டாரைச் சுவருக்கு வெளியே வைத்து அழுத்தக் காற்றில் ஓட்டலாம் என்றாலும், நுண்ணிய தூள் தாங்கு உருளைகளுக்குள் புகுந்து உரசினால் இயந்திரமே திரியாகிவிடும். மனிதக் கைக்கு ஒரு குணம் உண்டு. ஏதோ நெருடினால் சட்டென்று நின்றுவிடும். மோட்டார் அப்படி நிற்காது. அதற்கு அந்த உணர்வைத் தருவதற்குத்தான் அழுத்தமும் வெப்பமும் அளக்கும் சென்சார்கள் தேவைப்படுகின்றன. அங்கேதான் செலவு ஏறுகிறது.

இரண்டாவது, ரகங்கள். விமான ஆலையில் ஒரே வகை இறக்கையில் ஒரே மாதிரித் துளையை ஆயிரக்கணக்கில் போட வேண்டும். ரோபோவுக்கு அது சர்க்கரைப் பொங்கல். பட்டாசு ஆலையிலோ காலையில் தரைச்சக்கரம், மதியம் புஸ்வாணம், அடுத்த வாரம் வானத்தில் பூக்கும் பேன்சி ரகம். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், வெள்ளைக்கு அலுமினியம் என்று கலவை மாறிக்கொண்டே இருக்கும். பேரியம் நைட்ரேட்டுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபிறகு, காலம் காலமாகக் கைக்குப் பழகிய சூத்திரங்கள் பலவும் மாறிப்போயின. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் தந்த பசுமைப் பட்டாசுச் சூத்திரங்களில் ஒவ்வொரு பொருளின் அளவும் துல்லியமாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் இயந்திரத்தின் கை ஓங்குகிறது. குத்துமதிப்பு அதற்குத் தெரியாது.

மூன்றாவது, லைசென்ஸ். இங்கே ஆலைகளை 'நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். எவ்வளவு மருந்து வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பொறுத்து அனுமதி தரும் இடம் மாறும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, பெரிய ஆலைகளைப் பார்த்துக்கொள்கிறது. சின்ன ஆலைகள் மாவட்ட நிர்வாகத்தின் கீழ். ஒரு அறைக்கு எத்தனை பேர், அறைக்கு அறை எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் இருக்கிறது. மனிதர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் அவை. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் நான்கு மட்டும் இருக்கிறார்களா என்று பார்ப்பதே பெரும்பாடாக இருக்கும்போது, இயந்திரம் வைத்த அறைக்கு என்ன கணக்கு என்று யோசிக்க நேரமெங்கே?

நான்காவதாக ஒன்று உண்டு. அதை யாரும் சபையில் சொல்வதில்லை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரருக்கு இந்த சீசன் லாபம்தான் கணக்கு. அடுத்த வருஷம் அந்த அறை அவரிடம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. அவர் எதற்காக இயந்திரம் வாங்கப்போகிறார்? இவர்களுக்கும் அப்பால், வீட்டுக்குள்ளும் தோட்டத்துக் கொட்டகையிலும் லைசென்ஸே இல்லாமல் மருந்து கலப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்த ரோபோவும் காப்பாற்றாது.

தீப்பெட்டி சொல்லும் கதை

சிவகாசிக்கு இயந்திரம் புதிதில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை ஊரறிந்தது. மழை பொய்த்த கரிசல் பூமிக்கு, பெரிய இயந்திரம் தேவைப்படாத, கைவேலை நிறைய உள்ள தொழிலாக அது வாய்த்தது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சகங்கள் வந்தன. அச்சகம் வளர்ந்து காலண்டருக்கும் டைரிக்கும் ஊர் பெயர் வாங்கியது. இன்று அங்கே எழுத்துக் கோப்பவர் யாரும் இல்லை. ஆப்செட் வந்தது, கணினி வந்தது, ஊர் ஏற்றுக்கொண்டது.

தீப்பெட்டியில் அப்படிச் சுமுகமாக நடக்கவில்லை. பெட்டி ஒட்டுவதும் குச்சி அடைப்பதும் நெடுங்காலம் பெண்களும், வெட்கத்தோடு சொல்ல வேண்டுமென்றால் குழந்தைகளும் செய்த வேலை. அந்தக் குழந்தைகளுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்கள் விட்ட இடத்துக்குள் மெல்ல மெல்ல மெஷின் நுழைந்தது. பெட்டி செய்ய ஒன்று, குச்சி அடுக்க ஒன்று, அடைக்க ஒன்று.

அரசின் வரிக் கொள்கையும் அந்தப் பயணத்தை இழுத்துப் பிடித்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவிகிதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவிகிதம். 2020 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் 12 என்று சமன் செய்தார்கள். கைத்தொழிலுக்கு இருந்த அந்தச் சின்னக் குடையும் போனது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயானதும், மலிவு விலை லைட்டர்கள் கடைகளில் தொங்கியதும், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்ததும் தனிக் கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: தீப்பெட்டியில் வேலை குறைந்தபோது பல பெண்கள் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போனார்கள். ஆபத்து குறைந்த வேலையிலிருந்து இயந்திரம் அவர்களை ஆபத்து அதிகமான வேலைக்குத் தள்ளியது. பட்டாசிலும் மெஷின் வந்தால் அடுத்து எங்கே போவது என்ற பயம் இங்கிருந்து கிளம்புவதுதான். அதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆனால் எண்ணிக்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு ஆலையில் மருந்து கலப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். குழாய் உருட்டுவது, திரி வைப்பது, சிப்பம் கட்டுவது என்று மற்றவர்கள்தான் பெருங்கூட்டம். கலக்கும் அறையில் மட்டும் மனிதக் கையை எடுத்துவிட்டால் வேலை இழப்பவர்கள் மிகக் குறைவு. உயிர் பிழைப்பவர்கள் அவர்கள் மட்டுமல்ல, பக்கத்து அறைகளில் இருப்பவர்களும்தான். ஆச்சரியம் என்னவென்றால், குழாய் உருட்ட இங்கே இயந்திரங்கள் வந்துவிட்டன. அட்டைப்பெட்டி அச்சடிப்பது முழுக்க இயந்திரம். அதாவது, ஆபத்தே இல்லாத இடங்களில் இயந்திரம் முதலில் நுழைந்திருக்கிறது!

லூயிஸும் ரெனேட்டும்

விமானத் தொழிலில் என்ன நடந்தது என்று பார்த்தால், ரோபோ என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்ற மயக்கமும் தெளியும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2018-ல் ஏர்பஸ் நிறுவனம் ஏ320 விமானங்களுக்கான புதிய ஆலைப் பகுதியைத் திறந்தது. விமான உடலின் இரண்டு பாதிகளை இணைக்கத் துளை போடும் இரண்டு ரோபோக்களுக்கு லூயிஸ், ரெனேட் என்று பெண் பெயர்கள் வைத்தார்கள். உடலின் மேல்பகுதியில், மனிதர்கள் கையைத் தூக்கிக்கொண்டு கழுத்து நோக வேலை பார்க்க வேண்டிய இடங்களை அவை எடுத்துக்கொண்டன.

அமெரிக்காவில் போயிங் இன்னும் பெரிய கனவு கண்டது. 777 விமானத்தின் உடலை நேராக நிற்கவைத்து, உள்ளே ஒரு ரோபோ, வெளியே ஒரு ரோபோ. இரண்டும் ஒரே நொடியில் ஒத்துப்போய்த் துளை போட்டு ஆணி அடிக்க வேண்டும். ஒரு விமானத்துக்குச் சுமார் 60,000 ஆணிகள். ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். உள் ரோபோவும் வெளி ரோபோவும் ஒத்துப்போகவே மாட்டேன் என்றன. அரைகுறையாக முடிந்ததைக் கையால் முடிக்கத் தொழிலாளர்களைக் கூட்டிவர வேண்டியிருந்தது. 2019-ல் அந்த ரோபோக்களைக் கைவிட்டு, துளையை இயந்திரம் போடட்டும், ஆணியை மெக்கானிக் பொருத்தட்டும் என்ற பழைய வழிக்கே திரும்பினார்கள். உலகின் பணக்கார ஆலைகளில் ஒன்றிலேயே நிலைமை இது.

சிவகாசிக்கு இதில் ஒரு சேதி உண்டு. மனிதன் இல்லாத ஆலை என்று முழுசாகக் கனவு காணத் தேவையில்லை. எந்த ஒரு வேலை ஆளைக் கொல்கிறதோ அதை மட்டும் எடுத்து இயந்திரத்திடம் கொடுத்தால் போதும். பட்டாசின் தாய்வீடான சீனாவில், ஹூனான் மாகாணத்து லியூயாங் வட்டாரத்தில், அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பிறகு இந்த வழியில்தான் போகிறார்கள். மருந்து கலப்பதும் அடைப்பதும் சுவருக்கு அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம். அதற்காக அங்கே விபத்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 2019-ல்கூட லியூயாங்கில் பெரிய வெடிவிபத்து நடந்து பலர் இறந்தார்கள்.

கேமரா எண்ணட்டும்

செயற்கை நுண்ணறிவு என்றதும் மனிதன்போல நடக்கும் இயந்திரத்தை நினைக்க வேண்டாம். விமானத் தொழிலில் அது பெரும்பாலும் கண்ணாகத்தான் வேலை செய்கிறது. பாகங்களை எக்ஸ்ரே எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களில் மயிரிழை விரிசல் எங்கே என்று காட்டுகிறது. படத்தைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோகும் மனிதக் கண்ணுக்கு அது துணை.

பட்டாசு ஆலையில் அதே கண்ணுக்கு இன்னும் எளிய வேலை இருக்கிறது. ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது! விபத்துக்குப் பிறகு வரும் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் குற்றச்சாட்டுகள் மூன்று: அனுமதித்ததைவிட அதிக ஆள்கள், அனுமதித்ததைவிட அதிக மருந்து, அறைக்கு வெளியே மரத்தடியில் வைத்து வேலை. இந்த மூன்றையும் கண்டுபிடிக்க மேதாவித்தனம் எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து வாசலைப் பார்க்கும் ஒரு கேமரா, நான்காவது ஆளுக்குப் பிறகு ஐந்தாமவர் நுழைந்தால் அலறும் ஒரு மென்பொருள், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி. இன்றைய செல்போனுக்குள் இருக்கும் தொழில்நுட்பம்தான். அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து கையிலெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு போட்டது. அந்த நேரத்திலும், ஆய்வுக்கு ஆள் போதாது என்ற பழைய பல்லவி கேட்டது. ஆயிரம் ஆலைக்கும் தினமும் அதிகாரி போக முடியாது, உண்மை. கேமரா போகலாம். அது தரும் எச்சரிக்கை முதலாளியின் போனுக்கு மட்டும் வந்தால் பயனில்லை, அதிகாரியின் மேஜைக்கும் போக வேண்டும் என்பதில்தான் தகராறு வரும்.

சிவகாசியில் பெசோவின் கீழ் பட்டாசு ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது. ரசாயனங்களைச் சோதிக்கும் வசதி ஊருக்குள்ளேயே இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. சிவகாசியிலும் கிருஷ்ணன்கோவிலிலும் இயந்திரவியல் படித்து முடிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பட்டாசு ஆலைக் கூலியில் படித்தவர்கள். சுவருக்கு வெளியே நின்று அழுத்தக் காற்றால் சுழற்றும் ஒரு சின்ன மரப் பீப்பாய், ஐந்து கிலோ கலக்கட்டும், அதை வடிவமைக்க 150 டன் இயந்திரத்தின் அறிவு தேவையில்லை. வடிவமைத்த பிறகு அதற்கு அனுமதி வாங்குவதும், பத்து சின்ன ஆலைகள் சேர்ந்து ஒன்றை வாங்க வங்கிக் கடன் கிடைப்பதும்தான் நிஜமான மலை.

கடற்கரையில் ஓர் ஏவுதளம்

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அங்கிருந்து கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. சின்ன ராக்கெட், அதன் மூன்று முக்கியக் கட்டங்களும் திட எரிபொருள். அதே ஆண்டு மே 30 அன்று சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினைக் கொண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவிக் காட்டியது. 2025-ல் தமிழக அரசு விண்வெளித் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு என்பது அதன் இலக்கு.

சிவகாசியிலிருந்து குலசேகரன்பட்டினம் சில மணி நேரப் பயணம்தான். அங்கே வரப்போகும் தொழிற்சாலைகள் கேட்பது டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர்களை. நாற்பது வயதில், எட்டாவதோடு பள்ளியை விட்ட, இருபது வருஷம் மருந்து அறையில் கழித்த ஒரு பெண்ணை அல்ல. ஆனால் எந்தத் தூள் எப்போது கோபித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்குப் புதிதாக வரும் பொறியாளருக்குத் தெரியாது. மழைநாளில் கலவை கையில் எப்படி ஒட்டும், சலிக்கும்போது எந்தச் சத்தம் சரியில்லை என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் எழுதப்படாதவை. சென்சாருக்கு எதை அபாயம் என்று கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி வரும்போது, பதில் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இயந்திரம் ஓட்ட அவர்களால் முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் சாத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு தீப்பெட்டி ஆலைக்குள் எட்டிப் பார்க்கலாம். குச்சி அடைக்கும் மெஷின்களுக்கு முன்னால் நின்று, சிக்கினால் நிறுத்தி, எடுத்துவிட்டு, மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பவர்களில் பலரும் பெண்கள். ஒரு காலத்தில் அதே பெட்டிகளைத் திண்ணையில் உட்கார்ந்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிக்கொண்டு, கையால் அடைத்தவர்கள்.